கூலிக்குப் போன கதையை யாருக்குக் காட்டப் போகிறாய்?

கேள்வி: எனக்கு 77 வயது. கோத்தகிரிப் பக்கம் இருக்கிறேன். பிறந்தது இலங்கையில், ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1973இல் கணவர், இரண்டு பிள்ளைகளோடு கப்பலேறி வந்தேன். இங்கும் கொழுந்துதான் பறித்தேன். கணவர் காலமாகிவிட்டார். என் பெயரில் நிலமோ நகையோ கிடையாது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் வயிற்றுப் பேத்தி, "நம் குடும்பக் கதையைச் சொல்லுங்கள் அம்மாயி, இணையத்தில் ஏற்றி வைத்தால் எப்போதும் இருக்கும்" என்கிறாள். மகனோ, "கூலிக்குப் போன கதையை எழுதி யாருக்குக் காட்டப் போகிறாய்?" என்கிறான். நான் ஐந்தாம் வகுப்புதான். அக்கா குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. 1983க்குப் பிறகு கடிதம் வரவில்லை. சாதியை எழுத வேண்டுமா? அம்மாவுக்கு முதலில் ஒரு கல்யாணம் நடந்தது, அதைச் சொல்லலாமா? இந்த வயதில் இது வேண்டாத வேலையா?

பதில்:

அன்புள்ள அம்மா,

இது அவசியமான வேலை. இந்த வாரமே தொடங்குங்கள். அந்தக் கப்பலில் பெரியவர்களாக ஏறி வந்தவர்களில் இன்று நம்மோடு இருப்பவர்கள் குறைவு. உங்களுக்கு அப்போது 25 வயது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, அங்கே வளர்ந்து, மலையில் கொழுந்து பறித்து, அதையெல்லாம் விட்டுவிட்டு வந்தவர் நீங்கள். உங்கள் பாட்டி உங்களிடம் சொன்னதையும் சேர்த்துக்கொண்டால் உங்கள் நினைவு நூறு வருடங்களுக்கு மேல் பின்னால் போகும். இரண்டு நாட்டு ஆவணக் காப்பகங்களையும் புரட்டினாலும் அதில் பாதிகூடக் கிடைக்காது. பழைய ஆவணங்களோடு புழங்குவதே என் வேலை என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் மகனின் கேள்விக்கு வருகிறேன். அவர் அப்படிக் கேட்டதில் எனக்குக் கோபம் வரவில்லை, வருத்தம்தான் வந்தது. கப்பலில் வந்த இரண்டு பிள்ளைகளில் அவரும் ஒருவர். இங்கே பள்ளியில் சேர்ந்தபோது "சிலோன்காரன்" என்ற பெயரைக் கேட்டுத்தான் வளர்ந்திருப்பார். அங்கே "இந்தியாக்காரன்", இங்கே "சிலோன்காரன்" என்று இரண்டு கரையிலும் அந்நியராக நிற்க வைக்கப்பட்டவர்களுக்குத் தங்கள் கதையை மறைக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் வரலாறு என்ன சொல்கிறது என்று பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே திருச்சி, சேலம், புதுக்கோட்டை, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து மக்கள் கடல் தாண்டி, இலங்கையின் மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தே போனார்கள். வழியில் காலராவும் காய்ச்சலும் எத்தனையோ பேரைக் கொண்டுபோயின. முதலில் காப்பி. 1869இல் இலைநோய் தாக்கிக் காப்பி அழியத் தொடங்கியது. பிறகு தேயிலை. அந்த மலைகளைத் தோட்டங்களாக்கியது அவர்கள் உழைப்பு.

அங்கே தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையாக இருந்தவரின் கொள்ளுப்பேரன் இங்கிலாந்தில் உட்கார்ந்து தன் முன்னோரைத் தேடினால் நாட்குறிப்பு, புகைப்படம், கல்லறைப் படம் எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. அவருடைய தோட்டத்தில் கொழுந்து பறித்த பெண்ணின் கொள்ளுப்பேத்தி தேடினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை. அந்தப் பெண்ணின் பெயரை யாரும் அங்கே ஏற்றவில்லை. உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள். அதைவிட நல்ல வழி, அவருக்கு நினைவில் இருப்பதைக் கேட்பது. கப்பலில் என்ன சாப்பிட்டார், இராமேஸ்வரத்தில் இறங்கியபோது என்ன பார்த்தார், வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் எப்படிப் படுத்தார் என்று கேளுங்கள். கேட்க ஆள் வந்துவிட்டால் அவரும் பேசுவார்.

சொத்து எதுவும் இல்லை என்கிறீர்கள். டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த பாஸ்போர்ட் இருக்கலாம். தாயகம் திரும்பியோருக்கான குடும்ப அட்டை இருக்கலாம். யார் யார் வந்தார்கள், என்ன வயது, எந்த மறுவாழ்வுத் திட்டத்துக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். 1964 அக்டோபர் 30இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதாகவும் முடிவானது. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய எண்ணிக்கைக்குள் உங்கள் வீடு எங்கே நின்றது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் அந்த அட்டைதான் சான்று. பூச்சி அரிப்பதற்குள் பேத்தி அதைப் படம் எடுக்கட்டும்.

இன்னொரு பழைய தாளும் இருக்கக்கூடும். நீங்கள் பிறந்த 1948இல்தான் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சார்பில் விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1,34,000 பேர்தான். 1946 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்னால் கல்யாணமானவர்கள் ஏழு வருடமும் ஆகாதவர்கள் பத்து வருடமும் விடாமல் அங்கேயே இருந்ததாகக் காட்ட வேண்டியிருந்தது. அதற்காக உங்கள் அப்பா தோட்டத்து அலுவலகத்திலிருந்து வாங்கிய சான்று, நிராகரித்து வந்த கடிதம், வாக்குமூலத்தின் நகல் என ஏதாவது மிஞ்சியிருந்தால் குடும்ப வரலாற்றில் அதற்கு ஈடு கிடையாது. எந்த வருடம் எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள், பிள்ளைகள் யார் என்றெல்லாம் எழுதித்தான் அந்த உரிமையைக் கேட்டார்கள். கிடைக்காமல் போனாலும், கேட்டார்கள் என்பதற்குச் சாட்சியம் அது.

எழுத்து வராது என்ற கவலையை விட்டுவிடுங்கள். நீங்கள் பேசினால் போதும். பேத்தி வரும்போது கைபேசியில் ஒலிப்பதிவு செய்யட்டும். அவள் இல்லாத நாளில் நீங்களே பதிவுப் பொத்தானை அழுத்திப் பேசலாம். ஒரு தடவைக்கு அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் குரலும் தளரும், மனமும் தளரும். பேசியதை அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள். பலர் எழுத்தாக்கியதும் ஒலிப்பதிவை அழித்துவிடுகிறார்கள். செய்யவே கூடாத காரியம் அது. உங்கள் குரலும் தோட்டத்துப் பேச்சும் நீங்கள் இழுத்துச் சொல்லும் பாட்டும் தாளில் வராது. ஒப்பாரி தெரிந்தால் பாடுங்கள், கொழுந்துக் காட்டில் பாடியதையும் பாடுங்கள், காமன் கூத்து பார்த்த ராத்திரிகளைச் சொல்லுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது? வருடத்தில் தொடங்காதீர்கள், இடத்தில் தொடங்குங்கள். தோட்டத்துக்கு நீங்கள் வழங்கிய தமிழ்ப் பெயர் ஒன்று இருக்கும். ஆள் கட்டி வேலை வாங்கிய முதல் கங்காணியின் பெயரையோ, ஒரு துரையின் பெயரையோ, ஆற்றையோ பாறையையோ வைத்து நம் மக்கள் சூட்டிய பெயர் அது. அலுவலகப் பதிவேட்டில் இருப்பது வேறொரு ஆங்கிலப் பெயர். இரண்டையும் சேர்த்துச் சொல்லக்கூடியவர்கள் உங்கள் தலைமுறைதான். நீங்கள் சொல்லாமல் போனால், பதிவேடு கையில் கிடைத்தாலும் அது உங்கள் தோட்டம்தானா என்று பேத்தியால் கண்டுபிடிக்க முடியாது. தோட்டத்தில் எந்தப் பிரிவு (டிவிஷன்), லயம் எங்கே இருந்தது, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களம் எங்கே, உங்கள் குடும்பம் எந்தப் பெரிய கங்காணியின் ஆட்கள், அவர் எந்த ஊர்க்காரர் என்றெல்லாம் சொல்லுங்கள். கங்காணிகள் பெரும்பாலும் தங்கள் ஊரிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும்தான் ஆள் கட்டினார்கள். கங்காணியின் ஊர் தெரிந்தால் உங்கள் பூர்விக ஊரை நெருங்கிவிடலாம்.

அதைவிட உறுதியான தடயம் குலதெய்வம். ஊர்ப் பெயரை மறந்துவிட்ட குடும்பங்களும் குலதெய்வத்தை மறப்பதில்லை. சாமியின் பெயர், கூட இருக்கும் பரிவார தெய்வம், எந்த ஆற்றங்கரை, எந்த மாதம் கும்பிடு, என்ன காவு, யார் பங்காளிகள் என ஒவ்வொன்றும் ஒரு ஊரை நோக்கி விரல் நீட்டும். பிடிமண் எடுத்துப் போய்த் தோட்டத்தில் கோயில் வைத்தார்களா, எந்த ஊரிலிருந்து எடுத்தார்கள் என்று பாட்டி ஏதாவது சொல்லியிருந்தால் அதை முதலில் பதிவு செய்யுங்கள். பட்டாவும் பத்திரமும் இல்லாத குடும்பத்துக்கு இதுதான் பத்திரம்.

வருடம் நினைவில் இல்லாவிட்டால் நடந்த சம்பவத்தோடு கட்டிச் சொல்லுங்கள். "முல்லோயாவில் கோவிந்தனைச் சுட்டுக் கொன்ற வருடம் பெரியண்ணன் பிறந்தான்" என்று அம்மா சொன்னதாக நீங்கள் சொன்னால், அது தோட்டத் தொழிலாளி கோவிந்தனைப் போலீஸ் சுட்ட 1940 என்று பேத்தி எழுதிக்கொள்வாள். கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டது 1942. தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர். பதிவேட்டு வயதைவிட இந்தக் கணக்குப் பல நேரங்களில் சரியாக இருக்கும், ஏனென்றால் கணக்கப்பிள்ளை ஆளைப் பார்த்துக் குத்துமதிப்பாக வயது போட்டதும் உண்டு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே வீட்டில் மூன்று கருப்பையா இருப்பார்கள். எந்தக் கருப்பையா என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள். பெண்களின் பெயரைத் தயவுசெய்து விடாதீர்கள். "மாரிமுத்து சம்சாரம்" என்று நிறுத்திக்கொள்ளும் குடும்ப மரங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் கசந்துவிட்டது. அவரும் நாள் கூலிக்குப் பேர் வாங்கினவர்தான், கூடை சுமந்தவர்தான்.

இனி, எங்கே ஏற்றுவது என்பது. இது பேத்திக்கானது, ஆனால் நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். இணையத்தில் போட்டால் எப்போதும் இருக்கும் என்பது முழு உண்மையல்ல. ஜியோசிட்டீஸ் என்று ஒரு இலவச இடம் இருந்தது. லட்சக்கணக்கானோர் தங்கள் பக்கங்களை அங்கே வைத்திருந்தார்கள். 2009இல் அதை மூடிவிட்டார்கள். அதனால் ஒரே இடத்தை நம்பக் கூடாது. என் யோசனை இது. ஒலிப்பதிவுகளையும், பொதுவில் வைக்கத்தக்க படங்களையும் இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் ஏற்றலாம். 1996இலிருந்து இயங்கும் லாபநோக்கற்ற அமைப்பு அது, கட்டணம் இல்லை. இலங்கைத் தமிழர் ஆவணங்களுக்கென்றே 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தை அணுகுங்கள். இலங்கையின் தோட்டப் பகுதியான மலையகம் பற்றிய நூல்களையும் வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்துவருகிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் 31ஆம் நாள் வம்சாவளியோடு நினைவு மலர் அச்சிடும் வழக்கம் உண்டு. அந்த மலர்கள் பலவும் இந்த நிறுவனத்தின் தொகுப்பில் சேர்ந்துவிட்டன. லயத்துக் குடும்பங்களுக்கு அப்படி அச்சிட வசதி எங்கே இருந்தது? உங்கள் பதிவு அந்த வெற்றிடத்தில் போய் உட்காரும்.

குடும்ப மரத்துக்கு ஃபேமிலிசர்ச் என்ற தளம் இலவசம். அதில் ஒரு வசதியும் ஒரு சிக்கலும் உண்டு. உலகம் முழுவதற்கும் ஒரே மரம் என்பதால் எங்கோ இருக்கும் உறவினர் உங்கள் பாட்டியின் பக்கத்தில் வந்து சேரலாம். அதே காரணத்தால் இறந்தவர்களின் பக்கத்தை வேறு எவரும் திருத்தவும் முடியும். உயிரோடு இருப்பவர்களின் விவரம் மற்றவர்களுக்குத் தெரியாது. அமெரிக்காவில் உள்ள ஒரு கிறித்தவ சபை அதை நடத்துகிறது, இறந்தவர்களுக்காகச் சடங்கு செய்வது அவர்கள் நம்பிக்கை. அது மனதை உறுத்தினால் வேறு தளம் பாருங்கள், அல்லது மரத்தைக் கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தளமானாலும் ஜெட்காம் என்ற கோப்பு வடிவில் மரத்தை வெளியே எடுக்க முடிகிறதா என்று பேத்தி முதலில் பார்க்கட்டும். எடுக்க முடியாத இடத்தில் ஏற்ற வேண்டாம்.

எல்லாம் முடிந்தபின் அச்சடித்து, மகன் வீட்டில் ஒன்றும் மகள் வீட்டில் ஒன்றும் வையுங்கள். கணக்கின் கடவுச்சொல் பேத்தியிடம் மட்டும் இருந்தால் போதாது, இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எதை ஏற்றக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி எண், ஆதார் எதுவும் வேண்டாம். பாஸ்போர்ட், குடும்ப அட்டைப் படங்களில் எண்களை மறைத்துவிட்டு ஏற்றுங்கள், மறைக்காத படம் வீட்டில் இருக்கட்டும்.

சாதி பற்றிக் கேட்டீர்கள். பழைய பதிவேடுகள் பலவற்றில் சாதிக்கென்று தனிக் கட்டமே உண்டு, தேடும்போது அது உதவும் என்பதும் உண்மை. ஆனால் அது பேரப்பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் உலகம் முழுக்கத் தெரியும்படி நிற்க வேண்டுமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். வீட்டுப் பிரதியில் எழுதுங்கள், பொதுப் பிரதியில் அவர்களைக் கேட்டுச் செய்யுங்கள். சாதியால் பட்ட அவமானம் ஏதாவது இருந்தால் அதை மறைக்காதீர்கள். தனி லயம், தனிக் குவளை என்று உங்களுக்கு நடந்ததைச் சொல்ல உங்களைவிட உரிமை உள்ளவர் யார்?

அம்மாவின் முதல் கல்யாணம் வேறு வகை. அது அவர் வாழ்க்கை, அவர் இப்போது இல்லை. அந்தக் கல்யாணத்தில் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் உங்கள் உடன்பிறப்புகள். மரத்திலிருந்து அவர்களை வெட்டிவிட்டால் அவர்கள் வழி வந்தவர்கள் உங்களைத் தேடி அடைய வழியே இருக்காது. அதனால் சொல்லுங்கள் என்பதே என் கருத்து. ஆனால் ஊர் பேசியதையெல்லாம் சேர்க்க வேண்டாம். "முதல் கணவர் இன்னார், இந்தத் தோட்டம், இன்ன காரணத்தால் பிரிந்தார்கள் அல்லது அவர் இறந்தார்" என்ற அளவில் நிறுத்துங்கள். காரணம் சொல்ல மனம் வராவிட்டால் அதையும் விடுங்கள். ஒலிப்பதிவில் சொல்லிவிட்டு, "இதை இத்தனை வருடம் கழித்துத்தான் வெளியிட வேண்டும்" என்றும் நிபந்தனை வைக்கலாம். ஆவணக் காப்பகங்களில் இது வழக்கமான நடைமுறைதான்.

அக்காவைப் பற்றி எழுதிய வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை என்றாலும், இந்த வேலையில் உங்களுக்கு மிகப் பெரிய ஆசை அதுதான் என்று நினைக்கிறேன். தமிழர்களுக்கு எதிரான 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போன குடும்பங்கள் ஏராளம். அதனால் ஹட்டனில் மட்டும் தேடினால் போதாது. அக்காவின் பெயர், அத்தான் பெயர், பிள்ளைகளின் வீட்டுப் பெயர்கள், தோட்டத்தின் இரு பெயர்கள் இவற்றை முதல் ஒலிப்பதிவிலேயே சொல்லுங்கள். தோட்டத்துப் பள்ளி, கோயில் கமிட்டி, தொழிற்சங்கக் கிளை ஆகியவற்றுக்குப் பேத்தி கடிதம் எழுதலாம்; இப்போது தோட்டத்து இளைஞர்கள் எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறது, ஊர்ப் பெயரில் குழுக்கள் வைத்திருக்கிறார்கள். நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை தந்தது, எனவே அக்காவின் பிள்ளைகள் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்க வாய்ப்பு உண்டு. ஒரு எச்சரிக்கை: "உங்கள் அக்காவைத் தெரியும், பணம் அனுப்புங்கள்" என்று யாராவது வந்தால், அக்காவுக்கும் உங்களுக்கும் மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். அந்த ஒன்றை மட்டும் இணையத்தில் ஏற்றாதீர்கள். அக்கா இல்லை என்ற செய்தி வரவும் கூடும். அதற்கும் மனதைத் தயார் செய்துகொண்டு தேடுங்கள். அவர் பிள்ளைகளுக்கு ஒரு சித்தி கிடைப்பார்.

பேசப் பேசப் பழைய வலிகள் கிளம்பும். வயதான காலத்தில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பதை மனத்தளர்ச்சி என்று மருத்துவ உலகம் ஒரு காலத்தில் கருதியது. அது இயல்பான, தேவையான காரியம் என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் எழுதிய பிறகு அந்தப் பார்வை மாறத் தொடங்கியது. ஆனாலும் தூக்கம் கெடும் அளவுக்குப் போனால் சில நாள் நிறுத்திவையுங்கள். அழுகை வந்தால் அழுங்கள், பதிவை நிறுத்த வேண்டியதில்லை. பேத்தியிடம், அடுத்த கேள்விக்கு அவசரப்படக் கூடாது என்று சொல்லிவையுங்கள்.

அடுத்த கடிதத்தில் தோட்டத்தின் தமிழ்ப் பெயரையும், பெரிய கங்காணியின் பெயரையும், குலதெய்வத்தின் பெயரையும் எழுதி அனுப்புங்கள். பழைய தோட்டக் கையேடுகள் சிலவற்றில் ஆங்கிலப் பெயருக்கு எதிரே தமிழ்ப் பெயரும் அச்சாகியிருக்கிறது. அவற்றில் பார்த்து ஆங்கிலப் பெயரைத் தேடுகிறேன். கிடைத்ததும் உங்களுக்கு எழுதுகிறேன்.